மௌன வாரம்

அந்தச் சீட்டை எழுதிக் கொடுத்து ஹோசியாவை ரயில்வே ஸ்டேஷனுக்கு அனுப்பியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெவரெண்ட் லியாண்டர் காஸ்வெல் எழுதி வைத்த விதியால்தான் எல்லாம் வந்தது என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாயை என்னால் மூட முடியாது. ஆனால் பாதிப் பழி என்னுடையது, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என் பெயர் வெர்டெல் டார்ப்லி. அலபாமாவில் ஹார்லோ என்ற ஊருக்கு ஒன்றரை மைல் வெளியே இருந்த எங்கள் கறுப்பர் கல்லூரியில் பதினோரு வருஷம் ஆபீஸைப் பார்த்துக்கொண்டேன். மாணவர் பதிவேடு, டைப்ரைட்டர், சாவிக் கொத்து மூன்றும் என் பொறுப்பு. காஸ்வெல் கல்லூரித் தலைவர். ஞாயிற்றுக்கிழமை சேப்பலில் பிரசங்கம் செய்வார். திங்கட்கிழமை காலையில் அதே கோட்டோடு வந்து, பருத்திக் குத்தகைக்காரர்களின் பிள்ளைகளுக்குக் கிரேக்கம் கற்றுக்கொடுப்பார். அந்தப் பிள்ளைகளுக்குக் கிரேக்கம் எதற்கு என்று ஊரில் வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் ஒருமுறை கேட்டேன். "வேண்டாம்னு சொல்றதுக்காவது அது என்னன்னு தெரிஞ்சிருக்கணும் மிஸ் டார்ப்லி" என்றார். அவரிடம் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு பதில் தயாராக இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும், ஆனால் மறக்கவும் முடியாது.

அவருடைய அப்பா அடிமையாகப் பிறந்தவர். மகன் வடக்கே ஒஹாயோவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் தட்டுக் கழுவிக்கொண்டே படித்தார். அவரையும் சேர்த்து நம் ஆட்கள் ஐந்து பேர் அங்கே. சாப்பாட்டு மண்டபத்தில் வெள்ளைக்கார மாணவர்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. தட்டெடுக்க வரும் ஐவரில் ஒருவரை நிறுத்தி, "ஏதாவது பேசிக் காட்டு, பருத்திக்காட்டுப் பேச்சு பேசு" என்பார்கள். இவர்கள் எதைப் பேசினாலும் மேஜை முழுக்கச் சிரிக்கும். ஒரு நவம்பர் மாதம் ஐந்து பேரும் கை கோத்துச் சத்தியம் செய்தார்கள்: ஏழு நாள் எவருக்கும் ஒரு வார்த்தை பதில் சொல்வதில்லை. மூன்றாம் நாள் சிரிப்பு நின்றது. ஏழாம் நாள் அந்த விளையாட்டே நின்றுபோனது. அப்படிப் பிறந்ததுதான் கலப்பைச் சகோதரர் சங்கம். இருபது வருஷத்தில் முப்பது கல்லூரிகளில் அதன் கிளைகள் வந்துவிட்டன. ஒவ்வொரு கிளையிலும் சுவரில் காஸ்வெலின் படம் மாட்டியிருக்கும்.

சங்கத்தின் நாலாவது விதி அந்த ஏழு நாளைப் பற்றியது. புதிதாகச் சேர விரும்புகிறவன், ஸ்தாபகர் நாளுக்கு முந்தைய ஞாயிறு தொடங்கி ஏழு நாள் வாய் திறக்கக் கூடாது. கழுத்தில் கயிற்றில் கோத்த சின்ன மரக் கலப்பை தொங்கும். கண்ணைத் தரையில் வைத்து நடக்க வேண்டும். எட்டாம் நாள் காலை ஸ்தாபகர் அவனிடம் கேட்பார்: "ஏழு நாளில் என்ன கேட்டாய்?" தன் காதில் விழுந்தது எது என்று அவன் சொல்லும் பதில்தான் அவனுடைய முதல் வார்த்தை. அதற்குப் பிறகு அவன் சகோதரன்.

எனக்கு இதெல்லாம் ஆண்பிள்ளைகளின் விளையாட்டாகத்தான் பட்டது. வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு ஒரு சங்கமா, பெண்கள் எங்களைக் கேட்டால் பிறந்ததிலிருந்தே பழக்கம் என்று சமையல்கார மேட்டியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அந்த 1926-இல் சேர வந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஹோசியா டில்லரிக்கு இருபது வயது. நெட்டையாக, தோள் எலும்பு துருத்திக்கொண்டு இருப்பான். கல்லூரியிலேயே நல்ல குரல் அவனுடையது. சேப்பலில் பைபிள் சங்கீதம் வாசித்தால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூட எழுந்து உட்காருவான். தினமும் காலையில் என் ஜன்னலைத் தாண்டும்போது "குட் மார்னிங் மிஸ் டார்ப்லி" என்பான், ஏதோ புதுச் செய்தி கொண்டுவந்தவன் மாதிரி. அந்த வாரம் அது இல்லாமல் எனக்குக் காலையே வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு ஏழெட்டு மாநிலங்களிலிருந்து பிரதிநிதிகள் வருகிறார்கள். அச்சடித்த நிகழ்ச்சி நிரல் பெட்டி ஸ்டேஷனில் வந்து கிடக்கிறது. ஆள் யாரும் கையில் இல்லை. ஹோசியா படிக்கட்டைக் கூட்டிக்கொண்டிருந்தான். ஒரு சீட்டில் கல்லூரிப் பெயரையும் பெட்டி எண்ணையும் எழுதி அவன் கையில் திணித்தேன்.

"கிளார்க் கிட்ட இதை நீட்டு. நீ பேசவே வேண்டாம். உன் விரதம் கெடாது" என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். பேச வேண்டாம் என்று நான் சொன்னதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

பதினொரு மணிக்குப் பெட்டியோடு திரும்பி வந்தான். பெட்டியை இறக்கி வைத்தவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். பாரம் என்று நினைத்தேன். அரை மணி கழித்து ஈனோஸ் காட்ஸ்டன் வந்தார். அவர் ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவர், எங்கள் சேப்பலில் பிரசங்கிக்கு உதவும் டீக்கன். அறுபது வயசு மனிதர் ஒன்றரை மைல் ஓடி வந்திருக்கிறார். மூச்சு அடங்கும்வரை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரெவரெண்ட் எங்க?"

"உள்ளே. என்ன ஆச்சு?"

"உங்க நெட்டைப் பையன் ஸ்ட்ரிக்லண்டுக்குப் பதில் சொல்லலை."

கோப் ஸ்ட்ரிக்லண்ட் ஹார்லோவின் பஞ்சு அரவை ஆலைக்குச் சொந்தக்காரன். போலீஸை நடத்தும் ஷெரிஃப் அவன் மனைவியின் அண்ணன். அந்தப் பருவத்தில் ஊர் முழுக்கப் பஞ்சுத் தூசு பறக்கும். கூரையில், வேலியில், நம் தலையில் எல்லாம் அவன் ஆலைத் தூசுதான். அவனைப் பார்த்தால் நடைபாதையை விட்டு இறங்குவது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நடக்கக் கற்றுக்கொள்ளும்போதே சொல்லிக்கொடுக்கும் பாடம்.

காஸ்வெலின் அறையில் ஈனோஸ் சொன்னது இதுதான். ஸ்ட்ரிக்லண்ட் பிளாட்பாரத்தில் நாலைந்து பேரோடு நின்றிருக்கிறான். பெட்டியோடு போகும் ஹோசியாவை, "டேய் பையா, யார் வீட்டு ஆள் நீ? பெட்டியில என்ன?" என்று கேட்டிருக்கிறான். ஹோசியா நின்றான். தரையைப் பார்த்தான். பதில் சொல்லவில்லை. இரண்டாம் முறை கேட்டான். அப்போதும் இல்லை. கூட நின்றவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான்.

"அந்தச் சிரிப்புதான் ரெவரெண்ட்" என்றார் ஈனோஸ். "அவன் பையனைப் பாத்துச் சிரிச்சிருந்தா பரவாயில்ல. ஸ்ட்ரிக்லண்டைப் பாத்து இல்ல சிரிச்சான். 'சாயங்காலம் நானே வந்து அவன் வாயைத் தொறந்து வெக்கிறேன்'னு சொல்லிட்டுப் போனான்."

காஸ்வெல் எழுந்து ஜன்னலுக்குப் போனார். அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. நிமிர்ந்த முதுகு. வெள்ளைக்காரர்களிடம் தொப்பியைக் கழற்றுவார், ஆனால் தலையைக் குனிய மாட்டார். எப்படி இரண்டையும் சேர்த்துச் செய்கிறார் என்று ஊரே பேசும். அதைவிட ஒரு பெருமை அவருக்கு இருந்தது. வெள்ளைக்காரனிடம் இதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்று மாணவர்களிடம் சொல்வார். பயந்தவன்தான் பொய் சொல்வான் என்பார்.

"நான் போய்ப் பேசறேன்" என்றார். "எங்க சங்கத்து வழக்கம்னு எடுத்துச் சொல்றேன். அவனும் ஏதோ ரகசியச் சங்கத்து லாட்ஜில மெம்பர்தானே. சடங்குன்னா என்னன்னு தெரிஞ்சவன்."

ஈனோஸ் அவரைப் பார்த்த பார்வையில் மரியாதையும் இருந்தது, கோபமும் இருந்தது. "உங்களுக்கு வடக்கத்தி நெனப்பு இன்னும் போகலை ரெவரெண்ட். பேசத் தெரிஞ்சவன், வேணும்னே பேசலைன்னு நீங்களே போய்ச் சொல்லப் போறீங்க. ஆறு பேர் நின்ன எடத்துல. லெம் பர்விஸ் போன வருஷம் மன்னிப்புக் கேட்டான், முட்டி போட்டுக் கேட்டான். அவனை எந்த ஆத்துல எடுத்தோம்னு ஞாபகம் இருக்கா? நீங்கதானே அடக்கம் பண்ணினீங்க."

வெளியே சாலையில் ஒரு கார் வரும் சத்தம் கேட்டது. ஸ்ட்ரிக்லண்டின் சாம்பல் நிறக் கார். கேட்டுக்கு நேராக வந்ததும் வேகம் குறைந்தது. நிற்கவில்லை. மெல்ல ஊர்ந்து போய்விட்டது.

அப்போது என் வாய்தான் முந்திக்கொண்டது. "பேசத் தெரிஞ்சவன் பேசலைன்னாதானே திமிரு. பிறவி ஊமைன்னு சொல்லிட்டா?"

காஸ்வெல் திரும்பினார். நான் ஏதோ அசிங்கமாகச் சொல்லிவிட்ட மாதிரி பார்த்தார். "மிஸ் டார்ப்லி, அவன் இந்தக் கல்லூரியிலேயே நல்லாப் பேசறவன்."

"அது நமக்குத் தெரியும். ஸ்ட்ரிக்லண்டுக்குத் தெரியாது."

"நான் பொய் சொல்றதில்லை."

"அப்ப உண்மையைச் சொல்லுங்க. லெம் பக்கத்துலேயே இடம் இருக்கு."

இதைச் சொன்னபோதுதான் கவனித்தேன், ஹோசியா கதவோரம் நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். கண் தரையில். கழுத்தில் அந்த மரக் கலப்பை. இந்த நிலைமையிலும் அவன் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

காஸ்வெல் அவனிடம் போனார். "மகனே, இந்த விதி நான் எழுதினது. இதிலிருந்து விடுவிக்க என்னால முடியும்" என்றார். பிறகு நிறுத்தினார். விடுவித்தால் அவன் பேசலாம். பேசினால் செத்தான். இருபது வருஷமாக முப்பது சுவர்களில் மாட்டியிருந்த மனிதர், தன் விதியை எடுக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் அவன் தோளில் கைவைத்து நின்றார்.

மத்தியானம் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மேட்டி சோளரொட்டியும் அவரைக்காயும் வைத்தது வைத்தபடி கிடந்தது. கார் இரண்டாம் முறை போனது. வேலிப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்தவர்களை உள்ளே வரச் சொன்னேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாலு மணிக்குக் கார் கேட்டுக்குள் வந்தது.

ஸ்ட்ரிக்லண்டும் ஷெரிஃபின் ஆள் ஒரு டெபுடியும் இறங்கினார்கள். டெபுடி காரில் சாய்ந்து நின்றுகொண்டான். ஸ்ட்ரிக்லண்ட் சுருட்டைப் பற்றவைத்தான். குண்டான, சிரித்த முகம். தெரியாதவர்கள் பார்த்தால் நல்ல மனுஷன் என்பார்கள். காஸ்வெல் படி இறங்கிப் போனார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் வராந்தாவில் தூணைப் பிடித்து நின்றேன். எனக்கு மேலே ஜன்னல்களில் இருநூறு முகங்கள்.

"பிரசங்கி, உன் நெட்டைப் பயல் எங்கே?"

"இருக்கான் ஐயா. அவன்..." காஸ்வெல் நிறுத்தினார். அவ்வளவு நேரம் அந்த மனிதர் பேச்சைத் தேடி நான் பார்த்ததே இல்லை. "அவனுக்குப் பேச்சு வராது ஐயா. பிறவியிலேயே."

"ஊமையா?"

"ஆமா ஐயா."

"ஊமைக்குக் காலேஜ் எதுக்கு?"

"தச்சு வேலை கத்துக்கறான் ஐயா."

ஒரு பொய் சொன்னால் இரண்டாவது தானாக வருகிறது. ஸ்ட்ரிக்லண்ட் சிரித்துக்கொண்டே, "கூப்பிடு, பாப்போம்" என்றான்.

ஹோசியாவைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவனே வந்து படிக்குக் கீழே நின்றான். மற்ற எட்டுப் பேரும் அவனுக்குப் பின்னால் வரிசையாக நின்றுவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை. ஒன்பது மரக் கலப்பைகள்.

"இத்தனையும் ஊமையா?" என்றான் டெபுடி. ஸ்ட்ரிக்லண்ட் அதற்குச் சிரிக்கவில்லை. ஹோசியாவின் இடது கையைப் பிடித்து, சாவகாசமாக, புறங்கையில் சுருட்டு நெருப்பை வைத்தான்.

நான் என் கையைக் கடித்துக்கொண்டேன். ஹோசியாவின் முகம் முழுக்கத் தண்ணீர் வழிந்தது. கருகிய வாடை வராந்தாவரைக்கும் வந்தது. அவனிடமிருந்து ஒரு சத்தம் வரவில்லை. ஆறு நாள் பழகிய மௌனம். எந்த விதி அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்தியதோ அதுதான் அவன் தொண்டையை இறுக்கிப் பிடித்திருந்தது.

ஸ்ட்ரிக்லண்ட் சுருட்டை எடுத்தான். "நெஜம்தான்யா" என்றான் டெபுடியிடம், கொஞ்சம் ஏமாற்றமாக.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

"ஆனா எனக்கு ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கே பிரசங்கி. ஸ்டேஷன்ல எல்லாரும் பாத்தாங்க. இவனால கேக்க முடியாது. அப்ப நீ கேளு."

"மன்னிச்சுக்கங்க ஐயா. இவன் சார்பா..."

"அப்படி இல்ல. அது உன் படிச்ச பேச்சு. இவனுக்கு நாக்கு இருந்தா எப்படிக் கேப்பானோ அப்படிக் கேளு. பருத்திக்காட்டுப் பேச்சுல. ம், பேசிக் காட்டு."

ஒவ்வொரு ஸ்தாபகர் நாளிலும் அந்த ஒஹாயோ சாப்பாட்டு மண்டபத்துக் கதையை நாங்கள் கேட்டிருக்கிறோம். ஜன்னலில் நின்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தக் கதை மனப்பாடம். காஸ்வெல் ஒரு கணம் ஹோசியாவின் கையைப் பார்த்தார். பிறகு அவர் முதுகு வளைந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன். ஒரு சாக்கை அவிழ்த்துவிட்ட மாதிரி தோள் இரண்டும் இறங்கின. தொப்பியை இரண்டு கையாலும் பிசைந்தார்.

"எசமான்" என்றார். அது அவர் குரலே இல்லை. "எசமான், நான் வாயில்லாக் களுதைங்க எசமான். புத்தி கெட்ட கறுப்புப் பயங்க. கண்ணு தெரியாம உங்க முன்னாடி வந்து நின்னுட்டேனுங்க. ஒதைங்க எசமான், வாங்கிக்கிறேன். உங்க காலு தூசிங்க நான்."

டெபுடி வாய்விட்டுச் சிரித்தான். ஸ்ட்ரிக்லண்டின் முகமே மலர்ந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம்" என்றான்.

அவர் இன்னும் கொஞ்சம் பேசினார். அதை நான் எழுத மாட்டேன். மிகச் சரியாகப் பேசினார் என்பது மட்டும் சொல்கிறேன். ஒருவேளை அவருடைய அப்பாவின் பேச்சு அது. நாலடி தள்ளி ஹோசியா தரையைப் பார்த்தபடி நின்றான். மேலே ஒரு ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிள்ளைகள் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினார்கள்.

காரில் ஏறும்போது ஸ்ட்ரிக்லண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஞாயித்துக்கெழம சர்ச் விட்டதும் என் மச்சானைக் கூட்டிட்டு வர்றேன். அவனும் பாக்கணும்" என்றான்.

அன்று இருட்டுவதற்குள் ஈனோஸ் மறுபடி வந்தார். ஸ்டேஷன் கிளார்க் புரூயிட் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறானாம். செப்டம்பரில் ஒரு நெட்டைப் பையன் தனக்குக் குட் மார்னிங் சொன்னானே, அவன் இவன்தானா வேறு ஒருவனா என்று.

"நாளைக்கோ நாளன்னிக்கோ அவனுக்கு ஞாபகம் வந்துரும்" என்றார் ஈனோஸ். "வந்தா மொதல்ல ஸ்ட்ரிக்லண்டு கிட்டதான் சொல்வான்."

சனிக்கிழமை காலை ஹோசியாவை அனுப்புவது என்று முடிவானது. ஹார்லோ ஸ்டேஷனில் ஏற முடியாது. பதிமூன்று மைல் தள்ளி அடுத்த மாவட்டத்து ஸ்டேஷனுக்கு ஈனோஸின் கோவேறு கழுதை வண்டி. பருத்திக் கொட்டை மூட்டைகளுக்கு நடுவில் அவன், முன்னால் ஈனோஸ் பக்கத்தில் நான். அனுப்பியவள் நான், கொண்டுபோய்ச் சேர்ப்பதும் நான்தான் என்று சொல்லிவிட்டேன். ஸ்தாபகர்கள் ஐவரில் ஒருவர் வடக்கே ஒஹாயோவில், சின்சினாட்டியில் சர்ச் வைத்திருந்தார். அவரிடம் விட வேண்டும்.

புறப்படும்போது காஸ்வெல் வண்டிக்கு வந்தார். ஹோசியாவிடம் கை நீட்டினார். அவன் கட்டுப்போட்ட கையை விட்டு மற்றக் கையைக் கொடுத்தான். அவன் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"ஒஹாயோ ஆத்தைத் தாண்டினப்புறம், நாளைக் காலையில, அவனைக் கேளுங்க மிஸ் டார்ப்லி. நான் கேக்க வேண்டிய கேள்வியை. அதுக்குள்ள அவன் ஏழு நாளும் முடிச்சிருப்பான். அவனுக்கு அது பாக்கி இருக்கக் கூடாது."

"என்ன சொன்னான்னு வந்து சொல்லணுமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சொல்லுங்க" என்றார்.

வழியில் இரண்டு இடத்தில் கார் சத்தம் கேட்டது. இரண்டு முறையும் ஈனோஸ் திரும்பிப் பார்க்காமல் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். இரண்டும் வேறு கார்கள். ரயிலில் நம் ஆட்களுக்கான பெட்டி இன்ஜினுக்கு அடுத்தது. கரித்தூளும் புகையும். மேட்டி கட்டிக்கொடுத்த வறுத்த கோழியை மடியில் வைத்துக்கொண்டு, டென்னஸி முழுக்க, கென்டக்கி முழுக்க அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தொப்பி போட்ட வெள்ளைக்காரன் யாராவது பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால் நான் அவனுக்கு முன்னால் சாய்ந்து மறைத்துக்கொள்வேன். டிக்கெட்டைப் பார்க்க வந்தவன் அவனிடம் ஏதோ கேட்டான். "ஊமைங்க ஐயா" என்றேன். எனக்கும் சுலபமாகத்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து வெளிச்சம் வந்தபோது ரயில் ஒஹாயோ ஆற்றுப் பாலத்தில் ஏறியது. கீழே ஆறு பழுப்பாக அகலமாக ஓடியது. பாலம் முடிந்து சக்கரச் சத்தம் மாறியதும் கேட்டேன்.

"ஹோசியா. ரெவரெண்ட் கேக்கச் சொன்னார். ஏழு நாளில் என்ன கேட்டாய்?"

அவன் ஜன்னலைவிட்டுத் திரும்பினான். பேச வாயெடுத்தபோது குரல் கட்டியிருந்தது.

"ஒண்ணும் கேக்கலைன்னு சொல்லுங்க மிஸ் டார்ப்லி."

"ஒண்ணுமா?"

"ஒண்ணுமே கேக்கலை. வெள்ளிக்கிழமை முழுக்க எனக்குக் காது அடைச்சிருந்ததுன்னு சொல்லுங்க. அவர் நம்பற மாதிரி சொல்லுங்க."

அதற்குப் பிறகு அவன் கோழியைப் பிரித்துச் சாப்பிட்டான். நான் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு அழுதேன்.

அவனை ஒப்படைத்துவிட்டு அன்றைக்கே திரும்பினேன். திங்கட்கிழமை காலை அதே ஸ்டேஷனில் ஈனோஸ் வண்டியோடு காத்திருந்தார். நான்தான் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம வந்தானா?"

"வந்தான். ஷெரிஃபையும் கூட்டிட்டு. சேப்பல்ல பிரதிநிதிங்க நாப்பது பேர், அவர் பேசிட்டு இருக்கார். வெளிய ஹார்ன் அடிச்சான். பாதிப் பேச்சுல நிறுத்திட்டு, எல்லாரையும் உக்காரச் சொல்லிட்டு, கதவைச் சாத்திட்டு வெளிய போனார். ஊமை எங்கன்னு கேட்டிருக்கான். அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, ஊருக்குப் போயிட்டான்னு இவர் சொன்னார். 'பரவாயில்ல, நீ இருக்கியே'ன்னான்."

"புரூயிட்டுக்கு ஞாபகம் வந்துதா?"

"வரலை. இவர் போய்ப் பேசிக் காட்டற வரைக்கும் அவங்களுக்கு அது வேண்டியிருக்காது. இவர் நிறுத்தட்டும், எல்லாருக்கும் எல்லாம் ஞாபகம் வரும். பாக்கி எட்டுப் பேரும் அங்கதானே இருக்காங்க. அந்த எட்டுக் கழுத்தையும் அவன் நல்லாப் பாத்து வெச்சிருக்கான்."

மத்தியானம் ஆபீஸுக்குப் போனேன். காஸ்வெல் மேஜையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் கிரேக்கப் பரீட்சைத் தாள்கள். திருத்திய மாதிரித் தெரியவில்லை.

"போய்ச் சேர்ந்தானா?"

"சேர்ந்தான். கை ஆறிடும்னு டாக்டர் சொன்னார்."

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "என்ன சொன்னான்?"

"ஒண்ணும் கேக்கலைன்னு சொல்லச் சொன்னான். வெள்ளிக்கிழமை பூரா காது அடைச்சிருந்துதாம்."

ஜன்னல் வழியாகப் பஞ்சுத் தூசு வந்து தாள்களின் மேல் படிந்துகொண்டிருந்தது.

"நாலடி தள்ளித்தான் நின்னான்" என்றார்.

"ஆமா."

"ரெண்டு வருஷம் என்கிட்ட படிச்சான் மிஸ் டார்ப்லி. பொய்யே சொல்ல மாட்டான். எங்க கத்துக்கிட்டான்னு எனக்குத் தெரியும்."

நான் தாள்களின் மேலிருந்த தூசைத் துடைக்கப் போனேன். அதற்குள் கேட்டில் ஹார்ன் அடித்தது. இரண்டு முறை, அவசரமே இல்லாமல். வீட்டு நாயைக் கூப்பிடுகிறவன் அடிக்கிற மாதிரி.

காஸ்வெல் எழுந்தார். கொக்கியிலிருந்து தொப்பியை எடுத்தார். தலையில் வைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். கதவருகில் நின்று, திரும்பாமல், "ஜன்னலைச் சாத்திடுங்க" என்றார்.

சாத்தினேன். கொண்டியும் போட்டேன். பழைய ஜன்னல், இடுக்கு வழியாக எல்லாம் வரும். மேஜைக்குப் போய் உட்கார்ந்து டைப்ரைட்டரில் காகிதத்தைச் செருகி, எதை அடிக்கிறேன் என்று தெரியாமல் அடித்துக்கொண்டிருந்தேன்.

கால் மணி நேரம் கழித்து வந்தார். தொப்பியைக் கொக்கியில் மாட்டினார். முதுகை நிமிர்த்த அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு என்னைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார்.

"டைப்ரைட்டர் சத்தம் ரெவரெண்ட்" என்றேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலை."